கையேட்டில் இல்லாத குமிழ்

நல்ல விமானிகளைக் கண்டால் எனக்கு இன்றும் உள்ளுக்குள் ஒரு பயம் வரும். மோசமான விமானிகளைப் பற்றி உங்களுக்கு எல்லாரும் சொல்லித் தருவார்கள். அதற்கென்றே வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது நல்லவர்களைப் பற்றி. நீங்கள் விமானத் தயாரிப்பில் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு வரும் முதல் விபத்துக் கோப்பிலேயே 'விமானியின் தவறு' என்று யாராவது எழுதித் தயாராக வைத்திருப்பார்கள். அந்த இரண்டு சொற்களோடு எனக்குப் பல வருடப் பகை. அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மனசுக்குச் சந்தோஷம் தருகிற கதை இல்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மாம்பழ மண்டி. எழுபதுகளின் கடைசியில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் முதல் வேலை கிடைத்தது. தகட்டை வைத்து அழுத்தி வடிவம் எடுக்கிற இயந்திரங்கள். ஒரு நாள் ஒருவருடைய விரல்கள் போய்விட்டன. போர்மேன் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "எவன்டா கையை உள்ள உட்டது?" என்பதுதான். அழுத்திய தகடு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும், கையை விட்டுத்தான் பிடுங்க வேண்டும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தினமும் எல்லாருமே அப்படித்தான் பிடுங்கினார்கள். வேகமான கைக்காரர்கள் தப்பித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வேகத்தைப் பார்த்து முதலாளிக்கு ஏக பெருமை. இயந்திரத்தைச் செய்து கொடுத்த கம்பெனிக்குத் தகடு ஒட்டுகிற விஷயத்தை யாரும் சொல்லவே இல்லை.

அங்கிருந்து பல வேலைகள் மாறி, தொண்ணூறுகளின் நடுவில் ஓசூருக்கு வெளியே சொந்த ஓடுபாதை வைத்திருந்த ஒரு விமானத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சிறு நகரங்களுக்குப் பறக்கிற, இரண்டு எஞ்சின் வைத்த, ஒரு வேன் அளவு ஆட்களை ஏற்றுகிற விமானம் ஒன்றை அங்கே செய்தார்கள். தனியார் விமானக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம், நல்ல விற்பனை. புகார்களையும் விபத்துகளையும் விசாரிப்பது என் வேலை. பெரும்பாலும் மேசை வேலைதான். காக்பிட்டுக்குள் நான் உட்கார்ந்தது மிகக் குறைவு.

எங்கள் தலைமைச் சோதனை விமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானப் படையிலிருந்து வந்தவர். எங்கள் விமானத்தின் முதல் மாதிரி பறந்த நாளிலிருந்து அதை ஓட்டுகிறவர். அவர் ஓட்டினால் மடியில் வைத்த காபி டம்ளர் ததும்பாது. மற்ற சோதனை விமானிகள் எல்லாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவர்கள். விமானம் வாங்கும் கம்பெனிகளின் கேப்டன்களுக்கும் எங்கள் ஓடுபாதையிலேயே அவர்தான் பயிற்சி கொடுப்பார். என்னைப் பாய் என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வருவதை நான் ஒரு எதிரியைப் பற்றிச் சொல்வதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

விபத்து நடந்தது தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில். மழை விட்ட சாயங்காலம். எங்கள் விமானம் ஒன்று ஆட்டோ பைலட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தரை நெருங்கும்போது ஓடுபாதையில் நாய்கள் குறுக்கே ஓடின. கேப்டன் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏற முயன்றார். விமானம் கொஞ்சம் ஏறியது, பிறகு மூக்கைக் குத்திக்கொண்டு ஓடுபாதையின் முடிவில் விழுந்தது. பயணிகளில் சிலர் போய்விட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த இளம் துணை விமானியும் போய்விட்டான். கேப்டன் இரண்டு காலும் நொறுங்கி உயிரோடு கிடந்தார்.

அந்தக் கேப்டன் எங்கள் பக்கத்து ஆள்தான். பாகலூரில் வீடு, வீட்டைச் சுற்றி ரோஜாத் தோட்டம். வீட்டில் பேசுவது தெலுங்கு. அவரிடம் வாக்குமூலம் வாங்க நான் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பாய், நான் மேல இழுக்கறேன், அது கீழ தள்ளுது," என்றார். "எதிர்ல யாரோ உக்காந்துகினு தள்ளற மாதிரி."

"ஆட்டோ பைலட்டை எடுத்துவிடற சிவப்புப் பொத்தானை அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன். எத்தினி வாட்டி அழுத்தினேன்னு தேவுடுக்குத்தான் தெரியும். பக்கத்துல அந்தப் பையன் 'சார், சார்'னு கூப்ட்டுகினே இருந்தான். நான் எங்கியோ தப்புப் பண்ணிட்டேன் பாய். என்னா தப்புன்னுதான் தெரியல. பயிற்சியில இதே மாதிரி எத்தினி வாட்டி ஏறியிருக்கேன். ஒரு நாளும் தள்ளினதில்ல. அப்ப தப்பு என் கையிலதானே?"

தொழிற்சாலைக்குத் திரும்பி எங்கள் ஜெனரல் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"கால் ஒடிஞ்சவர் வேற என்ன சொல்வார்? பொத்தானை அழுத்தினா ஆட்டோ பைலட் போயிடும். அழுத்தியிருக்க மாட்டார். நீங்க பேசாம கிருஷ்ணகிரியில மாங்கூழ் டப்பா அடைச்சிட்டு இருந்திருக்கலாம் பாய், நிம்மதியா இருந்திருப்பீங்க."

ஆட்டோ பைலட்டைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியைக் கேட்டோம். கட்டளை கொடுக்கிற பெட்டி மட்டும்தான் தங்களுடையது, மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் மோட்டார் விமானம் கட்டியவர்களின் பொறுப்பு என்றார்கள். எங்கள் வடிவமைப்புப் பிரிவைக் கேட்டேன். மோட்டார், பெட்டி சொல்வதைத்தான் கேட்கும், ஆகவே பெட்டிக்காரர்களைக் கேள் என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், தவறு கேப்டனுடையது என்பதுதான்.

சில மாதங்கள் கழித்து அரசாங்க விசாரணைக் குழு எங்கள் ஓடுபாதைக்கு வந்தது. அதே மாதிரி இறங்கி, அதே மாதிரி ஏறிக் காட்டச் சொன்னார்கள். தலைமை விமானி இடது இருக்கையில், குழுவின் மூத்த உறுப்பினர் வலது இருக்கையில். பின்னால் மடக்கு இருக்கையில் குறிப்பெடுக்க நான். ஆட்டோ பைலட்டில் இறங்கினோம். தரை நெருங்கியதும் அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தி, எஞ்சின்களின் விசைப் பிடியைத் தள்ளி, மூக்கைத் தூக்கினார். விமானம் வெண்ணெயில் கத்தி போனது போல மேலே போனது. மூத்த உறுப்பினருக்குத் திருப்தி. "இதுல என்ன கஷ்டம் இருக்கு?" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

ஆனால் நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன். ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைமை விமானியின் வலது கை விசைப் பிடியை விட்டு இறங்கியது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், விசைப் பிடிகளுக்குக் கீழே, வரிசையாகக் கருப்புக் குமிழ்கள் உண்டு. ஒவ்வொன்றும், வெளியே இழுத்தால், ஒரு கருவிக்குப் போகிற மின்சாரத்தைத் துண்டிப்பது. அந்தக் கை அதில் ஒன்றை இழுத்துவிட்டு, மறுபடி விசைப் பிடிக்குப் போய்விட்டது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிற மாதிரி ஒரு அசைவு. முகம் ஓடுபாதையை விட்டு நகரவே இல்லை.

குழு சாப்பிடப் போனதும் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார், இறங்கறதுக்கு முன்னால ஒரு குமிழை இழுத்தீங்களே, அது எதுக்கு?"

"எந்தக் குமிழு?"

"நடுவுல இருக்கிறது. கருப்பு."

"நான் எதையும் இழுக்கலியே. உங்களுக்குக் கண்ணு சரியில்ல பாய், டாக்டரைப் பாருங்க."

பொய் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரும் விமானத்துக்கு நடந்தோம். ஒரு குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆட்டோ பைலட்டின் குமிழ். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"அதுங்களா? ப்ளேன் வந்து நின்னா அது எப்பவும் வெளியதான் இருக்கும். நாங்க உள்ள தள்ளி உட்டுடுவோம். எல்லா பைலட்டும் அப்படித்தாங்களே?" என்றார் அவர்.

தலைமை விமானி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு நினைவு வந்தது. முதல் மாதிரியில் ஆட்டோ பைலட் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் தரை நெருங்கும்போது அதன் மின்சாரத்தையே துண்டித்துவிடுவாராம். பிறகு பெட்டியை மாற்றினார்கள், கோளாறு தீர்ந்தது என்றார்கள். கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. அவரைப் பார்த்துப் படித்தவர்களும் காரணம் கேட்காமல் அதையே செய்தார்கள். கையேட்டில் அது கிடையாது. இத்தனை வருடம், இத்தனை சோதனை, நாங்கள் விற்ற விமானம் அதன் ஆட்டோ பைலட்டுக்கு மின்சாரம் இருக்கும்போது ஒரு முறைகூட எங்கள் ஓடுபாதையில் இறங்கியதில்லை.

"அந்தக் கேப்டனுக்குப் பயிற்சி கொடுத்தப்ப நான் வலது பக்கம் உக்காந்திருந்தேன்," என்றார். "இடது கை சும்மாவா இருந்திருக்கும்? அதுவே இழுத்திருக்கும்." பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் அவருக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன், பாய்?"

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் நாங்கள் இருவரும் மேலே போனோம். விழுந்தாலும் எழுந்துகொள்ள இடம் இருக்கிற உயரத்தில், கிருஷ்ணகிரி மலைகளுக்கு மேலே, வானத்திலேயே ஒரு தரை இருப்பதாக வைத்துக்கொண்டோம். வலது இருக்கையில் இருந்த நான் குமிழ் வரிசையை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அவர் அவசரத்தில் ஒரு மனிதன் செய்வது போலவே செய்தார். முதலில் மூக்கை இழுத்து, இழுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். ஆட்டோ பைலட் விலகிய மணி கேட்டது. ஆனால் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், வால் மோட்டாரோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு சக்கரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. வாலில் இருந்த மோட்டார் நிற்கவில்லை என்று அர்த்தம். விமானி மூக்கை மேலே இழுத்தால் அது கீழே இறக்கும். அவர் இன்னும் இழுத்தால் அது இன்னும் இறக்கும். கையேடு சொல்கிற மாதிரி முதலில் அழுத்திவிட்டு அப்புறம் இழுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாய்களைப் பார்த்த மனிதன் எந்த ஊரில் அப்படி வரிசை பிடித்துச் செய்வான்?

மூக்கு கவிழ்ந்தது. அவருடைய கை குமிழைத் தேடிக்கொண்டு வந்து என் கைமேல் மோதியது, பிராண்டியது. நான் கையை எடுத்தேன். இழுத்தார். சக்கரம் நின்றது. விமானம் நிமிர்ந்தபோது நாங்கள் இழந்திருந்த உயரம், தெற்கே அந்த மழைச் சாயங்காலத்தில் கேப்டனுக்குக் கிடைத்த உயரத்தைவிட மிக அதிகம். இறங்கியதும் இருவரும் நேராக ஜெனரல் மேனேஜரிடம் போனோம்.

ஜெனரல் மேனேஜர் கெட்டவர் இல்லை. நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இது தயாரிப்புக் குறைன்னு ஆச்சுன்னா தொழிற்சாலையை மூடணும். இங்க எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமில்ல? நான் மறைக்கச் சொல்லல. வக்கீல்கள் பார்க்கட்டும், வெளிநாட்டுக்காரங்களோட பேசட்டும். அப்புறம் எல்லாக் கம்பெனிக்கும் முறையா ஒரு சுற்றறிக்கை அனுப்புவோம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

"அதுவரைக்கும் பறக்கிறவங்க?" என்றார் தலைமை விமானி.

"இவ்வளவு நாள் பறந்துகிட்டுத்தானே இருக்காங்க."

இந்தப் பதிலை நீங்களும் உங்கள் வாழ்நாளில் கேட்பீர்கள். சொல்கிறவர் அநேகமாக நல்ல மனிதராகவே இருப்பார்.

அதன் பின் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமை விமானி விசாரணைக் குழுவிடம் நேரில் போய்ச் சொன்னார். தாங்கள் கண்ணால் பார்த்த பறப்பு ஒழுங்காக இருந்ததே என்றார்கள். அறிக்கையில் 'விமானி உரிய முறையைக் கையாளவில்லை' என்றே வந்தது. குமிழைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை, அவ்வளவுதான். கேப்டனுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை. தலைமை விமானியைத் தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதற்குப் பிறகு எந்த விமானத்தையும் ஓட்டவில்லை. நான் அவருக்காகக் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொன்னேன். என்னைக் கிடங்குப் பொறுப்புக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மற்ற இருவரையும் நினைத்தால்தான் இன்றும் வருத்தம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், ஜெனரல் மேனேஜர் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே, மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, தலைமை விமானி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாகலூருக்குப் போனார். "அவர்கிட்ட சொல்லாம என்னால வீட்டுக்குப் போக முடியாது" என்றார்.

கேப்டனின் மனைவிதான் கதவைத் திறந்தார். "ரண்டி, கூச்சோண்டி" என்று தெலுங்கில் உள்ளே வந்து உட்காரச் சொன்னவர், வந்தது யார் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். "சாப்பிடவே மாட்டேங்கறார் சார். அந்தப் பையனோட அப்பா அம்மாவைப் பார்க்கணும், கால்ல விழணும்னு அதையே சொல்லிகினு இருக்கார். நீங்களாவது சொல்லுங்க."

கேப்டன் பிரம்பு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்கள். தன்னைப் பயிற்றுவித்தவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். தலைமை விமானி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, எதிரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதல் மாதிரி, குமிழ், பழக்கம், பயிற்சியின்போது சும்மா இருக்காத தன் இடது கை, காலையில் மலைக்கு மேலே சுற்றிய சக்கரம். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.

கேப்டனின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் இழுத்திருப்பேனே, சார்?"

கேப்டனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார் கேப்டன்.

"இன்னும் இல்ல. வக்கீல் பார்க்கணுமாம்."

"இன்னிக்குச் சாயந்தரமே ப்ளேன் இருக்குது சார்."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவரே போன் இருந்த இடத்துக்குப் போனார். தன் கம்பெனியில் அதே விமானத்தை ஓட்டுகிற ஒரு நண்பரைக் கூப்பிட்டார். குமிழை இழுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் கேப்டன் "இல்லப்பா, நான் சாக்கு சொல்லல... இல்லப்பா, கேளு" என்று மறுபடி மறுபடி சொன்னது கேட்டது. கடைசியில் அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ஆளைக் கொன்னுட்டுக் கதை சொல்றான்னு நெனக்கறாங்க."

தலைமை விமானி அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். தன் வேலை அந்தக் கணத்தோடு போகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். தன் பெயரைச் சொன்னார், தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார்.

"உங்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். ஒண்ணு சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேன். கேப்டன் மேல தப்பு இல்ல, எங்க மேலதான். இறங்கறதுக்கு முன்னால ஆட்டோ பைலட் குமிழை இழுத்துடுங்க. உங்க கம்பெனியில மத்த எல்லாருக்கும் சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். தலைமை விமானி ரிசீவரைக் கேப்டன் பக்கம் நீட்டினார். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம். பேசுங்க."

கேப்டன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அந்தக் குமிழு எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியுமான்னு முதல்ல கேளுங்க சார்."

கேட்டார். அந்த முனையில் இருந்தவருக்குத் தெரியவில்லை.